கையெழுத்துக்குக் காத்திருந்த துவக்கு

இறால் பண்ணையில் இரவுக் காவல் பார்க்கிறவனுக்கு ஒரு டோர்ச், ஒரு விசில், பகல் முழுக்கப் புரண்டு படுக்க ஒரு பாய் வேண்டும். இதில் மூன்றாவதை முதலாளி தருவதில்லை.

உங்களில் இரவு வேலை செய்கிறவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. காலையில் கண் எரியும், மனம் படுக்காது. கற்பிட்டி ரோட்டில் ஊரே எழும்பித் திரிகிற நேரம் நாம் ஜன்னலைச் சாத்துகிறோம். அந்த நேரத்துக்கு ஒவ்வொருவரும் ஒன்றைப் பிடித்துக்கொள்கிறோம். எனக்கு முன்னால் இந்த வேலை பார்த்தவர் புறா வளர்த்தார். நான் போனில் குறிபார்த்துச் சுடும் போட்டிகளைப் பார்த்தேன். பத்து மீட்டர் தள்ளியிருக்கிற, கறுப்பு வட்டம் போட்ட ஒரு கடதாசிக்காக ஒரு மனுசன் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பதைப் பார்க்கப் பார்க்க, எனக்குள்ளும் ஏதோ அடங்கியது.

புத்தளத்தில் ஒரு பழைய உப்புக் களஞ்சியத்தில் சின்னதாக ஒரு துப்பாக்கி சுடும் சங்கம் இருக்கிறது. நடத்துகிறவர் ரிஸானா டீச்சர். பெண்கள் பாடசாலையில் விளையாட்டுப் படிப்பிக்கிறவர், என்னைவிடப் பத்து வயது இளையவர். மூன்று மாதம் பொதுத் துவக்கில் பழகலாம். பிறகு அங்கே இருக்கிற காற்றுத் துவக்குகளில் ஒன்றைத் தெரிவு செய்து நம் பெயரில் எழுத வேண்டும்; எழுதினால் மாற்ற முடியாது. படிவத்தில் வீட்டு ஆள் ஒருவரின் சம்மதக் கையெழுத்தும் வேண்டும். அது இல்லாவிட்டால் நம் இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

மேசையில் வைத்த படிவம்

என் மனைவி நஸீரா மன்னாரில் பிறந்தவள். வடக்கிலிருந்து முஸ்லிம்களை விரட்டிய தொண்ணூறில், எட்டு வயதில், வாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பை உடுப்போடு புத்தளத்துக்கு வந்தவள். இது தெரிந்திருந்தும் நான் அந்தப் படிவத்தை மின்சார பில்லை வைக்கிற மாதிரி தேத்தண்ணிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

அவள் முழுதாக வாசித்தாள். நான் அவசரமாகப் படித்ததையெல்லாம் ஒப்புவித்தேன். உள்ளே வெடிமருந்து இல்லை, காற்றுத்தான், ஈயக்குண்டு பயறளவு, பெண்பிள்ளைகள்கூடச் சுடுகிறார்கள். அவள் குரலை உயர்த்தவில்லை. கோப்பையை எடுத்துக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத் திரும்பினாள். “துவக்கு வச்சிருந்தவங்க வாசல்ல வந்து நின்டுதான் எங்களப் போகச் சொன்னாங்க. அத நீங்க தேடிப் போய் வீட்டுக்குள்ள கொண்டு வாறீங்களா?”

தண்ணீர்த் தாங்கி

அவள் மனம் மாறும் என்று நானே முடிவு செய்துகொண்டு, எந்தத் துவக்கு என்பதையும் முடிவு செய்துவிட்டேன். அங்கே ஒன்று இருந்தது. தேக்கு நிற மரக்கட்டை, கறுத்த குழல், பழைய அலுமாரிக் கதவு மாதிரி ஒரு மினுக்கம். கிட்டத்தட்ட ஐந்து கிலோ. பாரமான துவக்கு ஆடாமல் நிற்கும் என்று எங்கோ படித்திருந்தேன். ஒரு போட்டிக்கு அதை அறுபது தடவை தூக்க வேண்டும் என்று படித்த இடத்தில் எனக்கு நித்திரை வந்திருக்க வேண்டும்.

கை பழகட்டும் என்று வேலை முடிகிற விடியல்களில் பண்ணையில் குழி தோண்டுகிற இரும்பு அலவாங்கைத் தோளில் வைத்துக்கொண்டு தண்ணீர்த் தாங்கியைக் குறிபார்த்து நிற்பேன். பகல் காவலுக்கு வருகிற நிமால் சிலாபத்துச் சிங்கள ஆள்; ஆனாலும் நம்மைவிட நன்றாகத் தமிழ் கதைப்பான். ஒருநாள் சைக்கிளை நிறுத்திவிட்டு, நான் வியர்த்து நடுங்குவதைக் கன நேரம் பார்த்தான். “நானா, தாங்கி எப்பவோ கையத் தூக்கிட்டுது. பாவம், நீங்களும் எறக்குங்க.”

ஓரப்பார்வை

இது நம்மைப்போன்ற ராக்காவல்காரருக்கு மட்டுமே வருகிற வியாதி. இருட்டில் வேலிப் பக்கம் ஏதாவது அசைந்தால் நேரே பார்க்கக் கூடாது, பார்த்தால் மறைந்துவிடும். கொஞ்சம் தள்ளிப் பார்த்தால்தான் நாயா, ஆளா, சும்மா கண்டல் மரக் கொப்பா என்று தெரியும். இருபது வருசமாக என் கண் அப்படித்தான் பிழைத்தது.

களஞ்சியத்தில் பட்டப்பகல் மாதிரி விளக்கு எரியும்போதும் நான் அதையே செய்தேன். கறுப்பு வட்டத்துக்கு ஒரு சாண் தள்ளிப் பார்த்துச் சுட்டேன். குண்டுகளும் மரியாதையாக அங்கேதான் போயின. டீச்சர் துவக்கின் குறியைத் திருகிப் பார்த்தார், என் காலைத் தள்ளி வைத்தார், கடைசியில் எனக்கு முன்னால் வந்து என் கண்ணையே பார்த்தார். “நானா, கடதாசி வேலி பாயாது. நேராப் பாருங்க, அது ஓடாது.”

இடது கண்

நேராகப் பார்த்தும் பாதிதான் திருந்தியது. ஒருநாள் டீச்சர், இரண்டு கையையும் நீட்டி விரல்களுக்கு நடுவே சின்ன ஓட்டை விட்டு, அதனூடாகச் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கச் சொன்னார். இடது கண்ணை மூடினேன். கடிகாரம் காணாமல் போனது. வலது கண்ணை மூடினேன். கடிகாரம் அப்படியே இருந்தது. காவல் கொட்டில் பலகையில் ஒரு ஓட்டை உண்டு. அதில் எப்போதும் இடது கண்ணைத்தான் வைப்பேன் என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது. ஆட்சி இடது கண்ணுக்கு. நான் ஆசைப்பட்ட மரத் துவக்கோ வலது தோளுக்குச் செதுக்கியது.

டீச்சர் மூலையில் இருந்த ஒரு பெட்டியைத் திறந்தார். இடது கைக்காரர் ஒருவர் விட்டுப் போனதாம். நீல நிற அலுமினியம், உடம்பெல்லாம் திருகாணி. கன்னம் வைக்கிற பலகையை ஏற்றி இறக்கலாம், தோள்கட்டையை நீட்டிக் குறைக்கலாம். மரத் துவக்கைவிடப் பாரமும் குறைவு. மனமில்லாமல்தான் இடது தோளில் வைத்தேன். ஐந்து குண்டில் மூன்று கறுப்புக்குள் போயின. நான் சந்தோசப்படாமல் நின்றதை டீச்சர் கவனித்தார். “வடிவு பார்த்து எடுக்க இது என்ன, பொண்ணு பார்க்கவா வந்தீங்க?”

கடைசி சனிக்கிழமை

மூன்று மாதத் தவணை முடிகிற நாள் வந்தது. நான் கூப்பிடாமலே நஸீராவும் கூட வந்தாள். “கையெழுத்துப் போடுறன் என்டு சொல்லல்ல. பார்க்கத்தான் வாறன்” என்று பஸ்ஸில் இரண்டு தடவை சொன்னாள். களஞ்சிய வாசலில் ஒரு கால் உள்ளே வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். எதிரே சுவரில் மரத் துவக்கு தொங்கியது. என்னை மயக்கிய அதே கறுப்புக் குழல், அதே மினுக்கம். அவள் கை என் சட்டையைப் பிடித்தது. எட்டு வயதுப் பிள்ளையின் பிடி. எனக்குப் போதும் என்று ஆகிவிட்டது. “வா புள்ள, போவோம்” என்றேன்.

டீச்சர் ஒரு துவாயை எடுத்து மரத் துவக்கை மூடினார். பிறகு நீலத்தை மேசையில், குழல் சுவரைப் பார்க்க வைத்தார். நஸீரா என் சட்டையை விட்டுவிட்டுக் கிட்டப் போனாள்.

“இது என்ன, ஆஸ்பத்திரிச் சாமான் மாதிரி?”

“இதுதான் ராத்தா இவருக்கு” என்றார் டீச்சர்.

“இதால சுட்டா எது மவுத்தாகும்?”

“கடதாசி. வேற எந்தப் பக்கம் திருப்பினாலும் அன்டைக்கே ஆள் வெளிய.”

நஸீரா கதிரையை இழுத்து உட்கார்ந்து, படிவத்தை முதல் வரியிலிருந்து திரும்பவும் வாசித்தாள். பேனையை வாங்கினாள். தன் முழுப்பேரையும் ஒவ்வொரு எழுத்தாக எழுதி முடித்து, என்னைப் பார்க்காமல் டீச்சரைப் பார்த்துச் சொன்னாள். “துவக்கு இங்க இருக்கட்டும். ஆள மட்டும் வீட்டுக்கு அனுப்புங்க.”

எடை, நீளம், விசை என்று நான் போனில் படித்ததெல்லாம் சரிதான். முதல் துவக்கைத் தெரிவு செய்வது சுடுகிறவன்தான் என்று அங்கே சொன்னது மட்டும் பொய்.