அடிபம்பு நின்ற பிறகு

வீடு வீடாகப் போய் விவரம் கேட்பதுதான் அவள் வேலை. அலுவலகத்தில் அவளுக்கு வைத்த பெயர் 'ஏன் அக்கா'. யார் என்ன சொன்னாலும் "ஏன்?" என்று கேட்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. இருபது வருடங்களுக்கு முன் வெளிநாட்டு உதவியில் அடிபம்பு போட்ட குடியிருப்புக்கு அவளை அனுப்பினார்கள். அந்த உதவியால் இன்றைக்கு என்ன மிச்சம் என்று பார்த்து வரவேண்டும்.

பம்பு துருப்பிடித்து நின்றது. கைப்பிடியில் யாரோ துண்டைக் காயப்போட்டிருந்தார்கள். வீடுகளுக்குக் குழாய் வந்து வெகுகாலமாகிவிட்டது. அத்தோடு திரும்பியிருக்கலாம். ஆனால் அவளைவிட மூத்த பெண்களெல்லாம் சர்சர்ரென்று சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார்கள்.

துண்டை எடுக்க வந்தவளை மடக்கினாள். "இங்க மட்டும் எப்படிக்கா எல்லாரும் சைக்கிள் விடுறீங்க?"

"எல்லாம் இந்தப் பாழாப்போன பம்பாலதான். மாசத்துக்கு ஒரு வாஷர் தின்னும். ரிப்பேர் பண்ண பொம்பளைங்க எங்களுக்குத்தான் சொல்லிக்கொடுத்துட்டுப் போனாங்க. வாஷர் வாங்க டவுனுக்கு எத்தனை நாள்தான் நடக்குறது? வீட்டுக்காரர் சைக்கிளை எடுத்து, விழுந்து எந்திரிச்சு கத்துக்கிட்டோம். அப்புறம் டவுன்லயே வேலைக்கும் போனோம். பம்புதான் பாவம், பாதியில படுத்துக்கிச்சு."

ஏன் அக்காவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பஸ் நிறுத்தத்துக்கு வந்ததும் சந்தேகம் பிடித்துக்கொண்டது. பம்பே வராவிட்டாலும் இவர்கள் கற்றிருப்பார்களோ? வந்த பஸ்ஸை விட்டுவிட்டு, பம்பு போடாத பக்கத்துக் குடியிருப்புக்கு நடந்தாள். அங்கேயும் பெண்கள் சைக்கிளில்! மனசு பொசுக்கென்றாகிவிட்டது.

வாசலில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்த வயதான அம்மா ஒருத்தியிடம், "உங்களுக்கு யாரும்மா கத்துக்கொடுத்தது?" என்று கேட்டாள்.

"என் மருமகதான். பம்பு இருக்கே, அந்த ஊர்ப் பொண்ணு. வந்த புதுசுல அவ சைக்கிள் விட்டாலே எனக்கு எரிச்சலா வரும். ஒருநாள் பின்னாடி உக்காரவெச்சு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா. திரும்பி வரும்போதே, எனக்கும் கத்துக்குடுடின்னுட்டேன்."

"இங்க எல்லாருக்கும் அவதானா?"

"சேச்சே, பாதிப் பேர் பள்ளிக்கூடம் போறப்பவே கத்துக்கிட்டதுங்க."

அலுவலகத்துக்குத் திரும்பியதும் மேலதிகாரி, "பம்பு ஓடுதா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க" என்றார்.

"ஓடலை சார். ஆனா..."

அந்த 'ஆனா'வுக்கு மல்லுக்கட்டி அறிக்கையில் இரண்டு பக்கம் வாங்கினாள். படித்துப் பார்த்த வெளிநாட்டுக்காரர்கள், மீதிப் பாதிப் பேர் சைக்கிள் கற்றதற்குக் காரணம் பம்புதானா என்று விசாரித்து வர அவளையே மறுபடி அனுப்பினார்கள்.

"எந்த ஊருக்கு டிக்கெட் போடணும்?" என்றார் மேலதிகாரி.

"அந்தப் பம்பு ஊர்ப் பொண்ணுங்க வாக்கப்பட்டுப் போன ஊருக்கெல்லாம் சார்."