வலிக்காத இடுப்பு

சுராயா பாலக்கரையில் வீட்டிலேயே தையல் மிஷின் போட்டிருக்கிறாள். கணவர் சேக் மைதீனுக்குக் குவைத்தில் ஏ.சி. மெக்கானிக் வேலை. ஒரே மகள் இன்ஷா பிறக்கும்போதே, இடது தொடை எலும்பின் பந்து இடுப்புக் கிண்ணத்தில் உட்காராமல் நழுவியிருந்தது. முதலில் கால்களை மடக்கி வார் கட்டிப் பார்த்தார்கள், பந்து உள்ளே நிற்கவில்லை. பிறகு மயக்கம் கொடுத்து பந்தை உள்ளே தள்ளி, மார்பிலிருந்து கணுக்கால்வரை மாவுக்கட்டு போட்டார்கள். அகட்டி வைத்த கால்களோடு பிள்ளையை இடுப்பில் வைக்க முடியாது. ஒரு கத்திரி வெயில் முழுவதும் சுராயா அவளை இரண்டு கையாலும் ஏந்தியே திரிந்தாள்.

கட்டைப் பிரித்தபின் இன்ஷா நடந்தாள், ஓடினாள். தில்லைநகர் எலும்பு டாக்டர் தர்மராஜ் மட்டும் சிரிக்கவில்லை.

"மூட்டு உள்ள போயிருச்சும்மா. கிண்ணம் அதுக்கேத்த மாதிரி வளரணும். இவ வளர்ந்து முடிக்கிற வரைக்கும் வருஷா வருஷம் எக்ஸ்ரே எடுக்கணும், விட்டுடாதீங்க."

இரண்டு தடவை போய்வந்தாள். அடுத்த முறை கிளம்பும்போது நாத்தனார் கமர் ஜஹான் வாசலில் நின்றாள்.

"ஓடுற புள்ளைய எதுக்கு ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போற? பொம்பளைப் புள்ள. நாளைக்கு ஊர்ல பேசினா யாரு பதில் சொல்றது?"

போனில் சேக் மைதீனும் அக்கா சொன்னதையே சொன்னார். அந்த வருஷம் போகவில்லை. அதற்கடுத்த வருஷமும்.

ஒன்றாம் வகுப்பு யூனிஃபார்ம் தைத்துப் போட்டுவிட்டபோது பாவாடை இடப்பக்கம் தாழ்ந்து தொங்கியது. சுராயா பிரித்து மறுபடி தைத்தாள். மேஜையில் விரித்தால் விளிம்பு நேராக இருந்தது. இன்ஷா போட்டுக்கொண்டால் சாய்ந்தது.

"கால் எங்கயாச்சும் வலிக்குதா?"

"இல்லம்மா."

வலிக்கிறது என்று அவள் சொல்லியிருந்தால் சுராயாவுக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

அந்த வாரம் ஒரு நிக்காஹ். மண்டபத்துக்குப் போகிற வழியில் இன்ஷாவின் கையைப் பிடித்துக்கொண்டு கமர் ஜஹான் முன்னால் நடந்தாள். சின்ன வயதில் மாடிப்படியில் விழுந்ததால்தான் கமர் ஜஹானுக்கு அந்தத் தாங்கல் நடை என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். பின்னால் வந்த சுராயா அப்படியே நின்றுவிட்டாள். இடது கால் ஊன்றும்போதெல்லாம் இரண்டு உடம்பும் ஒரே பக்கம், ஒரே மாதிரி சாய்ந்து எழுந்தன.

மண்டபத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள். "அக்கா, நீங்க விழுந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

கமர் ஜஹான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். "எனக்குத் தெரியாது. அம்மாதான் அப்படிச் சொல்லும்." பிறகு குரலை இறக்கினாள். "இப்பல்லாம் இடுப்பு குடைஞ்சு எடுக்குது சுராயா. தொழுகைல உக்காந்து எந்திரிக்க முடியல."

மறுநாள் மூவரும் தில்லைநகர் போனார்கள். தர்மராஜ் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். கிண்ணம் ஆழமாகவில்லை. பந்து பாதி வெளியே நின்றது.

"இந்த வயசுல வலிக்காது. வலிக்க ஆரம்பிக்கும்போது மூட்டு தேஞ்சு போயிருக்கும். இப்பவே ஆபரேஷன் பண்ணிடணும்."

கமர் ஜஹான் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். ஆபரேஷனுக்கு எப்போது வரட்டும் என்று டாக்டரிடம் கேட்டவள் அவள்தான்.

இடுப்பெலும்பை வெட்டித் திருப்பிப் பந்தை மூடினார்கள். மறுபடி மாவுக்கட்டு. சேக் மைதீன் லீவு போட்டு வந்தார். கட்டுப் பிரித்துச் சில மாதங்களில் இன்ஷா நேராக நடந்தாள்.

போன வாரம் எடுத்த படத்தைத் தர்மராஜ் வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"கிண்ணம் நல்லா மூடியிருக்கு. பந்துலதான் ஒரு ஓரம் வெளுத்துத் தெரியுது. அந்த எடத்துக்கு ரத்தம் சரியாப் போகலையோன்னு ஒரு சந்தேகம். போகலேன்னா பந்து நசுங்கிடும். மூணு மாசம் கழிச்சு வாங்க."

"அதுவரைக்கும் என்ன பண்ணணும் டாக்டர்?"

"குதிக்க விடாதீங்க. வேற ஒண்ணும் பண்றதுக்கில்ல."

வெளியே படிக்கட்டில் இன்ஷா, மறுபடி லீவில் வந்திருந்த அத்தாவின் கையைப் பிடித்து இறங்கினாள்.

"பாரு, எவ்வளவு அழகா எறங்குறா," என்றார் சேக் மைதீன்.

சுராயா மகளின் இடது காலை மட்டும் பார்த்துக்கொண்டே பின்னால் இறங்கினாள்.