டின்னி வீட்டுப் பச்சைத் தண்ணீர்

இடது கை தோள் வரைக்கும் பசுவுக்குள் இருக்கும்போதுதான் ஃபின்டன் டெவனியிடம் ஹர்லிங் பேச வேண்டும் என்று எல்லாருக்கும் தோன்றும். மற்ற நேரத்தில் ஆளைப் பிடிக்க முடியாது. வேனை விட்டு இறங்கினால் நடக்கிறாரா ஓடுகிறாரா என்றே தெரியாது. ஆனால் நீளக் கையுறையை மாட்டி, வாலை ஒதுக்கி, கையை உள்ளே விட்டுவிட்டால் அப்புறம் எங்கே போவார்? அதற்காகவே காத்திருந்த பண்ணைக்காரர் கம்பித் தடுப்பில் சாய்ந்துகொண்டு ஆரம்பிப்பார்.

"அந்தக் கடைசி ஃப்ரீய ஏன்யா வலது பக்கமா இழுத்தே?"

"மாடு அசையுது, கொஞ்சம் பிடிங்க."

"மாடு எங்கய்யா போகப் போகுது. நீ பதிலச் சொல்லு."

ஃபின்டன் கண்ணை மூடிக்கொண்டு உள்ளே தடவுவார். வலது கையிலிருக்கும் ஊசிக்குழல் மெல்ல முன்னே போகும். வேலை முடிந்ததும் "நின்னுடும்" என்பார். பசுவுக்குச் சினை நிற்கும் என்று அர்த்தம். அடித்த ஃப்ரீயைப் பற்றிக் கேட்டாலும் அதேதான் பதில் என்று ஊரில் கேலி செய்வார்கள்.

சினை ஊசி போடுவது அவர் தொழில். ஹர்லிங் அவர் பிழைப்பு அல்ல, உயிர். அகல நுனி கொண்ட சாம்பல் மர மட்டையால் பந்தை வானத்தில் அடிக்கிற அந்த ஆட்டத்தில் மாவட்ட அணிக்காகப் பதினைந்து வருஷம் ஆடியவர். எதிரணி தப்பாட்டம் ஆடினால் இரண்டு கம்பங்களுக்கு நடுவே தடையில்லாமல் அடிக்கக் கிடைக்கிற வாய்ப்புக்குத்தான் ஃப்ரீ என்று பெயர், உள்ளே போனால் ஒரு புள்ளி. அயர்லாந்துக் கோப்பையை மூன்று முறை தூக்கியவர். இங்கே ஆட்டத்துக்குச் சம்பளம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை எண்பதாயிரம் பேர் பெயர் சொல்லிக் கூவுவார்கள், திங்கட்கிழமை காலையில் மாட்டுக்கொட்டகையில் சாணம் மிதிக்க வேண்டும். கில்டாரன் மதுக்கடையின் பக்கச் சுவர் முழுக்க அவர் தாவிப் பந்தைப் பிடிக்கிற படம் வரைந்திருக்கிறார்கள். படத்தில் இடது கை விரல்கள் ஐந்தும் நேராக, அழகாக நீண்டிருக்கும். ஃபின்டன் அந்தப் பக்கம் தலை திருப்பாமல் வேனை ஓட்டிப் போவார்.

இவ்வளவு புகழ் இருந்தும் சொந்த ஊரில் தலை நிமிர முடியவில்லை. கில்டாரன் ஒரு மாதா கோயில், ஒரு பள்ளிக்கூடம், ஒரு மதுக்கடை, அவ்வளவுதான். பதினைந்து ஆட்டக்காரர்களைத் தேற்றுவதற்குள் பயிற்சியாளருக்கு மூச்சு முட்டிவிடும். மாவட்டத்து ஊர்கள் தங்களுக்குள் மோதிக்கொள்ளும் கோப்பை ஒன்று உண்டு. கில்டாரன் அதை ஒருமுறைகூட வென்றதில்லை. இங்கே ஊர் மாறி ஆடுவதும் கிடையாது. பிறந்த ஊருக்கு ஆடு, இல்லை வீட்டில் உட்கார். ஆகவே பூசை முடிந்து வெளியே வரும்போது யாராவது ஒருத்தர் கேட்காமல் விடமாட்டார்: "மாவட்டத்துக்கெல்லாம் ஜெயிச்சுக் குடுத்தே. நமக்கு என்னத்தக் கிழிச்சே?"

ஃபின்டன் சிரித்துக்கொண்டு போய்விடுவார். ஆனால் அந்தக் கேள்வி நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டுதான் இருந்தது. மூன்று அயர்லாந்துப் பதக்கமும் சமையலறை இழுப்பறையில் மெழுகுவத்தி, பழைய பேட்டரிகளோடு கிடக்கின்றன. ஊர்ப் பதக்கம் வந்தால்தான் கண்ணாடிச் சட்டம் என்று அவர் சொல்லிவிட்டதால், மனைவி ஈமரும் அவற்றைத் தொடுவதில்லை.

பக்கத்து ஊர் மொய்கார். ஜென்மப் பகை. அங்கே டின்னி ஹிக்கி என்கிற எழுபது வயதுக்காரரின் பண்ணைக்கும் ஃபின்டன்தான் ஊசி போட வேண்டும். ஊசி போட வருகிறவருக்கு ஒரு வாளி வெந்நீர், சோப்பு, துவைத்த துண்டு வைப்பது இந்தப் பக்கத்து மரியாதை. மிக ஏழைப்பட்ட பண்ணையிலும் அது தவறாது. டின்னி வீட்டிலும் ஒரு காலத்தில் வந்துகொண்டுதான் இருந்தது. பன்னிரண்டு வருஷம் முன்னால் ஓர் அரையிறுதியில் ஃபின்டனைக் காவல் காத்து ஆடியவன் டின்னியின் மகன். அன்றைக்கு அவனை ஃபின்டன் படாத பாடு படுத்தி, மொய்காரை வீட்டுக்கு அனுப்பினார். அடுத்த வாரம் ஊசி போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தால் வாளியைக் காணோம். டின்னி கொட்டகைச் சுவரில் இருந்த குழாயை மோவாயால் காட்டினார்.

"உனக்கு இனிமே அதுதான்."

அன்றிலிருந்து பச்சைத் தண்ணீர்தான். தை மாதக் குளிரில் அந்தக் குழாயில் கை வைத்தால் முழங்கை வரை விறைத்துப் போகும். துண்டும் கிடையாது. கால்சட்டையில் துடைத்துக்கொள்ள வேண்டியதுதான். மேலிடத்தில் ஒரு வார்த்தை சொல்லிக் கிழவரைச் சரிக்கட்டலாமே என்று ஈமர் ஒருமுறை கேட்டாள். ஃபின்டனுக்குக் கோபமே வந்துவிட்டது.

"அட, நீ வேற! என்மேல பயம் இருக்கற வரைக்கும்தான் பச்சத் தண்ணி வரும்."

விரல் விஷயத்துக்கு வருவோம். ஹர்லிங்காரர்களுக்கு விரல் உடைவது புதிதல்ல. ஃபின்டனின் இடது மோதிர விரல் உடைந்து, கூடி, மறுபடி உடைந்து, கடைசியில் நடு மூட்டு மாவாகிப் போனது. தன்னிஷ்டத்துக்கு மடங்கும், தன்னிஷ்டத்துக்கு நிற்கும். இரண்டு வருஷம் முன்னால் கில்டாரன் இறுதியாட்டம் வரை வந்துவிட்டது. கடைசி நிமிடம், கைக்கெட்டும் தூரத்தில் ஒரு ஃப்ரீ. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூட அடிக்கும். மட்டையை வீசுகிற கணத்தில் விரல் விட்டுக்கொடுத்தது. பந்து கம்பத்துக்கு வலப்புறமாகப் போய் விழுந்தது, கோப்பையும் போயிற்று. பண்ணை பண்ணையாக எல்லாரும் கேட்கிற அந்த ஃப்ரீ அதுதான்.

எலும்பு டாக்டர் ப்ரெஸ்லின் கறாரான அம்மாள். "மூட்டைக் கம்பி போட்டு நிரந்தரமா இறுக்கிடலாம். நேரா வச்சிடறேன், உங்க வேலைக்கு அதுதான் வசதி," என்றார். ஃபின்டன் நாற்காலிக்கு அடியில் கை விட்டு, செய்தித்தாளில் சுற்றிய ஒரு சாமானை எடுத்து மேஜைமேல் வைத்தார். அவருடைய மட்டை.

"நேரா வேணாம் டாக்டர். இந்தப் பிடிக்கு ஏத்த மாதிரி வளைச்சு வச்சிடுங்க."

டாக்டர் மட்டையைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "உங்களுக்கு நாற்பது நெருங்குது. இன்னும் எத்தனை வருஷம் ஆடுவீங்க? விரல் சாகற வரைக்கும் இப்படியே கொக்கியாத்தான் இருக்கும்."

"ஒரே ஒரு கோப்பை போதும்."

டாக்டர் ஆதரவு தேடி, கூட வந்திருந்த ஈமர் பக்கம் திரும்பினார். "என்னைப் பாக்காதீங்க," என்றாள் ஈமர். "ஆளே கோணல். விரல் மட்டும் நேரா இருந்து என்ன பண்ணப் போகுது?"

அப்படியே ஆயிற்று. விரல் மட்டைப் பிடியின் பருமனுக்கு வளைந்து நின்றுவிட்டது. கல்யாண மோதிரம் அதில் ஏறவில்லை, வேன் சாவியோடு கோத்துத் தொங்கவிட்டுக்கொண்டார். மட்டையைப் பிடித்தால் பூட்டில் சாவி விழுந்த மாதிரி உட்கார்ந்தது. ஆனால் மாட்டுக்குள் அந்த விரல் குருடு. ஊசிக்காரருக்கு விரல்தானே கண்? அந்த வசந்தத்தில் அவர் "நின்னுடும்" என்று சொல்லிவிட்டு வந்த பசுக்களில் பல, மூன்றே வாரத்தில் திரும்பப் பருவத்துக்கு வந்து கத்தின. பண்ணைக்காரர்கள் முணுமுணுத்தார்கள். வேறு ஆளை அனுப்பட்டுமா என்று மேலதிகாரி நாசூக்காகக் கேட்டார். வயிற்றில் அடிக்கிற பேச்சு அது. ஃபின்டன் ஒரு வாளி நிறையக் கஞ்சி காய்ச்சி, பசுவின் கருப்பை வாய்க்குப் பதிலாக வான்கோழிக் கழுத்து ஒன்றை அதற்குள் போட்டு, சமையலறையில் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பழக ஆரம்பித்தார்.

"இன்னிக்கு ராத்திரிச் சாப்பாடு அதுதானா?" என்றாள் ஈமர்.

"சும்மா இரு. வழி தெரியுது, வழி தெரியுது!"

இலையுதிர்காலம் வருவதற்குள் மற்ற நான்கு விரல்களும் ஐந்தாவதன் வேலையைக் கற்றுக்கொண்டன. பசுக்கள் நின்றன, முணுமுணுப்பும் நின்றது. ஆனாலும் சாயங்காலங்கள் ஹர்லிங்குக்குத்தான். ஊர் மைதானத்தில் எந்த மூலையிலிருந்து கம்பம் கண்ணுக்கே சரியாகத் தெரியாதோ, அந்த மூலையில் போய் நின்றுகொண்டு ஃப்ரீ அடிப்பார். அடிக்குமுன் இடது காலுறையை மட்டும் இழுத்துவிட்டுக்கொள்வார். கம்பத்தைப் பார்க்க மாட்டார். "அது அங்கதானே இருக்கும், எங்க போயிடும்?" என்பார். ஈமர் வாசலில் நின்று கத்தினால்தான் சாப்பாட்டு நினைவு வரும்.

இந்த வருஷம் கில்டாரன் மறுபடியும் இறுதியாட்டத்துக்கு வந்தது. எதிரே மொய்கார். இரண்டு ஊரிலும் ஒரு வாரம் யாருக்கும் வேலை ஓடவில்லை. டின்னி வேலிக்கு வெளியே வந்து வேனை மறித்து, "டேய், அந்தக் கொக்கி விரல வச்சுக்கிட்டு மீன் பிடிக்கப் போடா," என்றார். ஃபின்டனுக்கு அன்று முழுக்க உற்சாகம் தாங்கவில்லை.

ஆட்டத்தில் அவர் விரல் ஒருமுறைகூட ஏமாற்றவில்லை. அதைச் சொல்லியே ஆக வேண்டும். தொட்ட ஃப்ரீ எல்லாம் கம்பங்களுக்கு நடுவே பறந்தது. கடைசி நிமிடத்தில் கில்டாரன் ஒரே ஒரு புள்ளி பின்தங்கி நின்றது. அப்போது ஒரு ஃப்ரீ கிடைத்தது, தன் பக்கத்துப் பாதியிலேயே, வெகு தூரத்தில். ஓரத்திலிருந்து பயிற்சியாளர், "உள்ள தூக்கிப் போடுய்யா, கூட்டத்துல போடு, நம்ம பசங்க எவனாவது தட்டி விடுவான்!" என்று தொண்டை கிழியக் கத்தினார். ஃபின்டன் காலுறையை இழுத்துவிட்டார். பத்து வருஷம் முன்னால் இந்தத் தூரத்தை அவர் சிரித்துக்கொண்டே அடித்திருக்கிறார். அடித்தார். நூல் பிடித்த மாதிரி நேராகத்தான் போனது. போய், கம்பத்தை எட்டுகிற நேரத்தில் களைத்துப் போய் இறங்கியது. மொய்கார் காவலன் கையை உயர்த்தி, மரத்தில் பழம் பறிப்பவன் மாதிரி பறித்துக்கொண்டான். விசில்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். யாரும் திட்டவில்லை. மொய்கார் பையன்கள் வரிசையாக வந்து அந்த வளைந்த கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். "உங்க ஆட்டத்தப் பாத்து வளந்தோம்ணே," என்றான் ஒருவன். கோயில் வாசலில் வழக்கமாகக் கேட்கிற அதே ஆள் வந்து தோளைத் தட்டி, "நீ எங்களுக்கு நிறையப் பண்ணிட்டேப்பா," என்றார். செத்த வீட்டில் பேசுகிற பேச்சல்லவா இது? உள்ளூர் வானொலிக்காரர் ஒலிவாங்கியை நீட்டி, "இத்தோட முடிச்சுக்கறீங்களா?" என்று பதமாகக் கேட்டார்.

"காலையில ஏழு மணிக்கு மொய்கார்ல ஒரு பசு இருக்கு," என்று சொல்லிவிட்டு ஃபின்டன் வேனில் ஏறினார்.

அந்தப் பசு டின்னியுடையது. மொய்கார் முச்சந்தியில் வெற்றிச் சொக்கப்பனை இன்னும் புகைந்துகொண்டிருந்தது. அதைச் சுற்றி வேனை ஒடித்து ஓட்டிப் பண்ணைக்குள் நுழைந்தார். ராத்திரி முழுக்க டின்னி என்னவெல்லாம் கேட்பார் என்று யோசித்து வைத்திருந்தார். கையுறையை மாட்டிக் கையை உள்ளே விட்டார். டின்னி தடுப்பில் சாய்ந்தார். வாயைத் திறக்கவில்லை.

ஃபின்டனால் பொறுக்க முடியவில்லை. "என்ன, பேச்சையே காணோம்?"

"என்னத்தப் பேச."

"நேத்து அந்த ஃப்ரீ..."

"நல்ல அடிய்யா," என்றார் டின்னி, பூட்ஸைப் பார்த்துக்கொண்டே. "எதிர்க்காத்து. யார் அடிச்சாலும் போயிருக்காது."

நேற்று ஓர் இலைகூட அசையவில்லை. அது இரண்டு பேருக்கும் தெரியும். ஃபின்டன் வேலையை முடித்தார். "நின்னுடும்," என்றார். கையுறையைக் கழற்றிக்கொண்டு திரும்பினார்.

பால் அறை வாசலில் ஒரு வாளி இருந்தது. ஆவி பறந்தது. பக்கத்தில் உறை பிரிக்காத சோப்பு. வாளி விளிம்பில் மடித்துப் போட்ட வெள்ளைத் துண்டு, விருந்தாளிக்கென்று அலமாரியில் வைத்திருப்பது.

ஃபின்டன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். கிழவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துத் திருகிக்கொண்டிருந்தார்.

"ஆறிடப் போகுதுய்யா," என்றார் மெல்ல.

ஃபின்டன் குனிந்து துண்டை எடுத்தார். சாணக் கை படாமல் நுனியில் பிடித்து, டின்னியின் தோளில் போட்டார். வளைந்த விரலை வாளியின் கம்பிக்குள் மாட்டினார், அது கச்சிதமாக மாட்டிக்கொண்டது. வாளியைச் சாக்கடை வரை தூக்கிப் போய், வெந்நீர் முழுவதையும் கவிழ்த்தார். பிறகு கொட்டகைச் சுவருக்கு நடந்து, குழாயைத் திறந்து கையை நீட்டினார்.

டின்னி தொப்பியைத் தலையில் வைத்து அழுத்தினார். அவர் குரல் கொட்டகைத் தகரமெல்லாம் அதிர எழும்பியது.

"ஒரு முழம் எட்டலைடா உனக்கு! ஒரு முழம்! கிழட்டுப் பயலே, அந்தத் தூரத்துலேருந்து அடிக்கச் சொல்லி எவன்டா உன்கிட்டச் சொன்னான்?"

ஃபின்டன் திரும்பவில்லை. குழாயை இன்னும் முழுசாகத் திறந்துவிட்டார்.