அண்ணையின் கசெற்றில் மற்றப் பக்கம்

போர் முடிந்த அந்த மே மாதத்தில் எங்கள் வீட்டில் பாட்டு நின்றுபோயிருந்தது. யாரும் சட்டம் போடவில்லை. டென்மார்க்கின் ஹேர்னிங் நகரில் நான் அறிந்த எந்தத் தமிழ் வீட்டிலும் அப்படித்தான். பிள்ளைகளின் பிறந்தநாளுக்குக்கூடக் கேக் வெட்டவில்லை. வன்னிக்குள் அகப்பட்டிருந்த என் அண்ணை கடைசியாகத் தொலைபேசியில் கதைத்தது மாசி மாதத்தில். எல்லாம் முடிந்துவிட்டது என்று ரீவியில் சொல்லி ஐந்து நாளாகியும், அவர் உயிரோடு இருக்கிறாரா என்று சொல்ல ஆளில்லை. முகாம்களில் எழுதிய பெயர்ப்பட்டியல்கள் கைமாறிக் கைமாறி வந்தன. அவர் பெயரைக் காணவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் டெனிஷ்காரர் ஒருவர் என்னிடம் பாட்டுக் கேட்டார்.

அவரும் நானும் முன்பு ஒரே துணித் தொழிற்சாலையில் வேலை செய்தவர்கள். இளவயதில் அவர் எஸ்பியேர் துறைமுகத்தில் வேலைக்கு நின்றவர். இங்கிலாந்திலிருந்து வரும் கப்பல்காரரிடம் சொல்லிவைத்து அறுபதுகளின் இசைத்தட்டுகளை எடுப்பித்திருக்கிறார். மொட் என்று சொல்லிக்கொண்டு ஒடுங்கிய காற்சட்டையும் ஸ்கூட்டருமாகத் திரிந்த ஆங்கிலப் பெடியங்களின் இசை அது. அமெரிக்கக் கறுப்பர்களின் சோல் பாட்டுகளில் மயங்கி, தாங்களும் தொண்டை கிழியப் பாடியவர்கள். ஒரேயொரு தட்டைப் போட்டுவிட்டுக் காணாமற்போன குழுக்கள் என்றால் அவருக்கு உயிர். எனக்கும் அந்த இசையில் பைத்தியம் இருந்தது. என்ன இரைச்சல் இது என்று என் கூட்டாளிகள் நக்கலடிப்பார்கள். நான் காதில் வாங்குவதில்லை.

அவருடைய சேகரிப்பு முழுவதும் நிலவறைக்குள் வெள்ளம் புகுந்து நாசமாகிவிட்டதாம். இப்போது இங்கிலாந்தில் ஒருவர் தொலைந்த பாட்டுகளைத் தேடித் தொகுக்கிறாராம். அதில் ஒரு பாட்டு மட்டும் எங்கு தேடியும் அகப்படவில்லை. நான் அதை ஒருமுறை இவரிடம் இரவல் வாங்கிக் கசெற்றில் பதிந்தது இவருக்கு ஞாபகம். எந்தக் கசெற்றில் பதிந்தேன் என்பது எனக்கு உடனே நினைவுக்கு வந்தது. அது அண்ணை அனுப்பியது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், அண்ணை வன்னிக்கு இடம்பெயர முன்பு, யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை, பற்றரிக்குத் தடை. சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் றேடியோ கேட்பார்கள். அப்படி ஒருவர் சைக்கிள் மிதிக்க, அண்ணை ஒரு கசெற்றில் கதைத்து, கொழும்புக்குப் போன ஒருவரிடம் கொடுத்து எனக்கு அனுப்பினார். ஒரு பக்கம் அவர் கதைத்திருந்தார். மற்றப் பக்கத்தை வெறுமையாக விட்டிருந்தார். அதில் நாங்கள் கதைத்துத் திருப்பி அனுப்பவேண்டும். அங்கே புதுக் கசெற் வாங்கக் கிடைக்காது என்பதால் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள்.

அந்தக் கசெற் வந்த கிழமைதான் டெனிஷ்காரர் ஒரு கட்டு இசைத்தட்டுகளை இரவல் தந்தார். திங்கட்கிழமை திருப்பிக் கொடுக்கவேண்டும். சனிக்கிழமை மத்தியானத்தோடு கடைகள் பூட்டிவிட்டன. கையில் வெறுமையாக இருந்தது அண்ணை எனக்கென்று விட்ட பக்கம் மட்டும். அதில் பாட்டைப் பதிந்தேன். அடுத்த கிழமை வேறொன்று வாங்கி அண்ணையோடு கதைப்போம் என்று நினைத்தேன். கதைக்கவில்லை. பத்து வரியில் ஒரு கடிதம் எழுதிப் போட்டுவிட்டு என் பாட்டில் இருந்தேன். அதன் பிறகு அவரிடமிருந்து கசெற் வரவேயில்லை. வேறு கசெற்றுக்கு அவர் எங்கே போவார்? மனைவி டென்மார்க் வருவதற்கு முந்திய கதை இது. அவளுக்குக்கூட நான் சொன்னதில்லை, வெட்கம்.

சனிக்கிழமை பத்து மணிக்கு டெனிஷ்காரர் வந்தார். நான் கசெற்றைப் போட்டேன். “செத்த வீடு மாதிரிக் கிடக்கு, இப்ப உங்களுக்குப் பாட்டோ?” என்று மனைவி கேட்டுவிட்டு, சமையலுக்குப் போய்க் குசினிக் கதவை அடித்துச் சாத்தினாள். அவள் சொன்னது சரி. ஆனாலும் பாட்டில் ஓர்கன் வாத்தியம் தொடங்கியதும் என் கால் தானாகத் தாளம் போட்டது. அந்தக் காலை வெட்டிப்போடலாம் போல இருந்தது.

டெனிஷ்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தான் கொண்டுவந்த கருவியில் பாட்டைப் பிரதி எடுத்தார். தொலைந்தது கிடைத்துவிட்டது என்று என் இரண்டு கைகளையும் பிடித்துச் சொன்னார். நல்ல மனிதர். ஆனால் எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. மூன்று நிமிடப் பாட்டொன்றைத் தேடி நாடு நாடாக ஆள் போகிறது. என் அண்ணையைத் தேட யார் இருக்கிறார்கள்?

அவர் போனபின் கசெற்றை மறுபக்கம் திருப்பிப் போட்டேன். வந்த அன்று ஒருமுறை கேட்டதோடு சரி. மிதித்தவருக்குக் களைத்தபோதெல்லாம் அண்ணையின் குரல் ஏறி இறங்கியது. கசெற்றில் கதைத்துப் பழக்கமில்லாத மனிதர். எதிரே நான் நிற்பதுபோல ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டுவிட்டு, பதிலுக்குப் பொறுத்திருந்தார்.

“சாப்பாடு ஒத்துவருதோ?”

டைனமோ சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது.

“ஓம் அண்ணை,” என்றேன்.

“குளிருக்குச் சப்பாத்து வாங்கினியோ?”

“வாங்கிட்டன் அண்ணை.”

என்னை அறியாமல் சத்தமாகவே சொல்லிக்கொண்டிருந்தேன். கன்னமெல்லாம் நனைந்திருந்தது. மற்றப் பக்கம் உனக்குத்தான், எல்லாரும் இருந்து கேட்பம், கொஞ்சம் கூடக் கதை என்றார் அண்ணை. நான் கதைக்கவில்லை அண்ணை, பாட்டுப் பதிந்தேன் என்று சொல்லவந்து, “ஓம் அண்ணை” என்றேன்.

குசினிக் கதவு படாரென்று திறந்தது. மனைவி ஈரக் கையோடு ஓடிவந்தாள். இத்தனை மாதமும் காணாத சிரிப்பும் அழுகையும் அவள் முகத்தில்.

“உங்கட அண்ணையோ? எந்த முகாமில இருந்து கதைக்கிறார்?”

அண்ணை அடுத்த கேள்வியைக் கேட்டார்.

“என்னடா, எப்பிடி இருக்கிறாய்?”

அவள் என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

“அவர் கேக்கிறார், கெதியாச் சொல்லுங்கோ. லைன் கட்டாகப்போகுது.”

அது கசெற் என்று அவளுக்கு நான்தான் சொல்லவேண்டியிருந்தது.