பூட்டு ஏன் கீழே இறங்கியது?

போன செவ்வாய்க்கிழமை காலை முழுவதும் ஒரு பூட்டோடு மல்லுக்கட்டினேன். நிஜப் பூட்டு இல்லை... கம்ப்யூட்டர் திரையில் இருக்கும் பூட்டு.

குருண் ஊரில் ஒரு கேபினட் பட்டறையில் வரைபடம் போடுவதுதான் என் பிழைப்பு. பாடாங் செராயில் இருக்கும் பிலோமினா அக்கா ஒரு சமையலறை கேபினட் கேட்டிருந்தார். மேல் டிராயருக்குப் பூட்டு கட்டாயம் வேண்டும். காரணம், அவர் கணவர் அந்தோணி அண்ணனுக்கு மறதி நோய். மாத்திரை சாப்பிட்டதை மறந்து, மறுபடியும் சாப்பிட்டு, போன மாதம் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

வரைந்து முடித்த பிறகு அக்கா போன் செய்தார்.

"தம்பி, மருந்து போத்தல் எல்லாம் நிக்கணும்லா. லாச்சிய கொஞ்சம் ஆழமா போட முடியுமா?"

டிராயரை ஆழமாக்கினேன். பூட்டு கீழே இறங்கிவிட்டது. பூட்டின் நாக்கு மேலே உள்ள சட்டத்தில் மாட்டினால்தானே பூட்டும்? இதுவோ சட்டத்துக்கு எட்டவே இல்லை. மேலே நகர்த்திச் சேமித்தேன். திறந்து பார்த்தால் – மறுபடியும் கீழேயே. இப்படியே செய்து கொடுத்தால் சாவி திரும்பும், ஆனால் இழுத்தால் டிராயர் திறந்துகொள்ளும். அப்புறம் அண்ணன் கதி?

சாஃப்ட்வேர் கோளாறுதான் என்று முடிவுகட்டி உதவி எண்ணுக்கு அழைத்தேன். எடுத்த பெண் நான் புலம்பி முடிக்கும் வரை காத்திருந்தாள்.

"அண்ணே, பூட்டுக்கு எந்த ஓரத்துலேருந்து அளவு குடுத்திருக்கீங்க?"

பார்த்தேன். டிராயரின் கீழ் ஓரத்திலிருந்து. கொடுத்தவன் நானேதான். கீழ் ஓரம் இறங்க, பூட்டும் கூடவே இறங்கியிருக்கிறது. மேல் ஓரத்திலிருந்து என்று மாற்றினேன். பூட்டு சட்டத்தின் பக்கத்தில் போய் உட்கார்ந்தது.

சனிக்கிழமை பொருத்தப் போனோம். அந்தோணி அண்ணன் பக்கத்திலேயே நின்று பார்த்தார். எனக்குத்தான் சங்கடம். அவரைத் தடுக்கத்தானே இத்தனையும்?

வேலை முடிந்ததும் அண்ணனே பூட்டினார். இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். சாவியை அக்கா கையில் வைத்தார்.

"நான் கெஞ்சிக் கேட்டாலும் குடுக்காத."

"நீங்க கெஞ்சினா எனக்கு மனசு கேக்குமா?"

"கேக்காதுன்னு தெரியும்லா. அதனாலதான் இப்பவே சொல்லி வைக்கிறேன். பூட்டு போடச் சொன்னதே நான்தானே."

பூட்டு கேட்டதே அவர்தானா? அக்கா என்னிடம் சொல்லவே இல்லை. சாவியைக் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொண்டு, எங்களுக்குத் தேநீர் போடப் போனார்.

பூட்டை இடம் மாற்ற ஒரு நொடி போதும். சாவியை வைத்துக்கொள்பவருக்குத்தான் வேலை அதிகம்.