பின்சீட்டுச் சத்தம்

சீமைக்குத் திரும்பக் கிளம்பிய ஒரு வெள்ளைக்கார அதிகாரியிடம் என் அக்கா கணவர் கறுப்புக் கார் ஒன்றை வாங்கினார். அதன்பிறகு பெங்களூர் அல்சூரில் நடந்து போகிற யாரையும் மாமா மனிதராக மதித்ததாக நினைவில்லை. மகளின் நிச்சயதார்த்தம் கோலார் தங்கவயலில் என்று முடிவானதும், சுரங்க மேஸ்திரியான சம்பந்திக்கு, "சொந்தக் காரிலேயே வந்துடறோம்" என்று சொல்லி அனுப்பினார். மாப்பிள்ளையைவிட அந்தக் கார் போய் இறங்குவதுதான் அவருக்கு முக்கியம்.

அந்த நேரம் பார்த்துக் காருக்குள் சத்தம் வந்தது. மேடு பள்ளத்திலும் திருப்பத்திலும் மட்டும், லொடக், லொடக். பின்னாலிருந்து வருகிறது என்றேன்.

"பேப்பர்ல எழுதறவனுக்கு எஞ்சினப் பத்தி என்ன தெரியும் மச்சான்?" என்றார் மாமா.

எதிர்வீட்டில் ராணுவ ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற சுபேதார் இருந்தார். அவர் பானெட்டைத் திறக்கச் சொல்லி, நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை எஞ்சினிலும் பிடியைத் தன் காதிலும் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். கார் நின்றுகொண்டிருந்தது.

"பேரிங் போச்சு சார்."

"ஓடும்போதுதானே சத்தம் வருது?" என்று கேட்டேன்.

"நின்னா அடங்கிடும். பேரிங்கோட குணமே அதான்."

மறுநாளே எஞ்சின் சிவாஜிநகர் ஒர்க்‌ஷாப்பில் தரையில் பிரிந்து கிடந்தது. பேரிங் நன்றாக இருந்தது. "பார்வைக்கு அப்படித்தான் இருக்கும்" என்றார் சுபேதார். மாமா தலையாட்டினார்.

நிச்சயதார்த்தத்துக்கு ரயிலில்தான் போக வேண்டியிருந்தது. ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் ஒர்க்‌ஷாப்பைக் கண்டதும் அக்கா, "ஏங்க, ஆயுத பூஜைத் தேங்காய் சீட்டுக்கு அடியிலேயே இருக்கு. கண்டவங்க கை படும், எடுத்துட்டு வந்துடுங்க" என்றாள். பூஜையில் வைத்த தேங்காயை உடைக்காமல் மஞ்சள் துணியில் முடிந்து, அடுத்த பூஜை வரை வண்டியிலேயே வைத்திருப்பது அவர்கள் வழக்கம்.

மாமா பின்சீட்டைத் தூக்கி அதை எடுத்துவந்தார். மாதக்கணக்கில் காய்ந்து, உள்ளே கொப்பரை ஓட்டிலிருந்து கழன்றிருந்தது. அவர் நடக்க நடக்க, கையில் லொடக், லொடக்.



"இது வேற சத்தம்" என்றார் மாமா.

தங்கவயலில் சம்பந்தி வாசலுக்கு வந்து, எங்களைத் தாண்டித் தெருவில் காரைத் தேடினார்.

"பேரிங் போயிடுச்சுங்க. மிலிட்டரி சுபேதாரே காது வெச்சுக் கேட்டுச் சொன்னாரு."

அக்கா பையைக் கீழே வைத்தாள். உள்ளிருந்து லொடக் என்றது. சம்பந்தி பையைப் பார்த்தார். மாமா குரலை உயர்த்தி, பேரிங் என்றால் என்ன என்று அவருக்கு விளக்கத் தொடங்கினார்.