பூசணியிடம் சுகம் கேட்டவர்

சத்திரசிகிச்சைக்குப் பிறகு வீட்டுக்குள்ளேயே முடங்கிக் கிடந்த என் மனைவியை முற்றத்துக்கு இறக்கியது, அவளுடைய தம்பி கனடாவிலிருந்து அனுப்பிய ராட்சதப் பூசணி விதைதான். தன்னாமுனையில் உவர்நீர் வாவிக்கரையோரம் எங்கள் வீட்டு வளவு. கொடி ஓடிப் பூத்த நேரத்தில் அடியிலைகள் மஞ்சளாகின. "வைரஸ். பிடுங்கி எரிச்சிடுங்க" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். அன்று மனைவி சோறு தின்னவில்லை.

மறுநாள், நான் அழைத்திருந்த விவசாயப் போதனாசிரியை ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். ஆண்கள் போடும் பெரிய தொப்பி, சேறு காய்ந்த சப்பாத்து. எங்களோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நேரே கொடியருகே குந்தி, "என்ன புள்ள, என்ன செய்யுது உனக்கு?" என்று அதனிடம் கேட்டார். எந்த வளவுக்குப் போனாலும் அவருக்கு அதுதான் பழக்கமாம்.

இலையைத் திருப்பிப் பார்த்தார். நரம்புகள் பச்சையாக இருந்தன, இடைவெளி மட்டும் மஞ்சள். பிறகு கொழுந்தை வெகுநேரம் பார்த்தார். அதில் சுருக்கமோ திட்டோ இல்லை.

"வைரஸ் இல்லக்கா. மக்னீசியம் காணாது. கிழட்டு இலை தன்னட சத்தைக் கொழுந்துக்குக் குடுத்திட்டு மஞ்சளாகுது. எப்சம் உப்பு கரைச்சுத் தெளிங்க."

"வாவிக்கரையில இருந்துகொண்டு உப்பா?" மனைவி பதறினாள்.

"இது கறியுப்பில்ல, மக்னீசியம் இருக்கிற வேற உப்பு," என்று அவர் சிரித்தார். மனைவியும் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எனக்குப் பல மாதமாகியிருந்தது.

தெளித்தோம். புதிய இலைகள் பச்சையாகவே விரிந்தன. இப்போது காய் எங்கள் சோற்று அண்டாவைவிடப் பெரிது. அவர் பெயரைக்கூட நாங்கள் கேட்டு வைக்கவில்லை. ஆனாலும் மனைவி காயை வெட்ட விடுகிறாள் இல்லை. "முதல்ல அவ வந்து பார்க்கட்டும்" என்கிறாள், அதன் அடியில் புது வைக்கோல் பரப்பியபடி.